மலைப் பச்சையும் மற்ற நிறங்களும்: ஓவிய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் ஓவியம் கற்கிற பிள்ளைகள், அதிலும் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் சேரத் தயாராகிறவர்கள், வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் வாட்டர் கலரையும் போஸ்டர் கலரையும் மனதில் வைத்துச் சொன்னவை. கொடைக்கானல்காரர்களுக்கும் பொருந்தும், அங்கேயும் இதே பச்சைதான் பிள்ளைகளை வாட்டுகிறது.

முதன்மை நிறம் எது சார்? ஸ்கூல்ல சிவப்பு, மஞ்சள், நீலம்னாங்க. கம்ப்யூட்டர் சார் சிவப்பு, பச்சை, நீலம்ங்கறார். பிரஸ்ல கேட்டா வேற சொல்றாங்க.

மூவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

போன் திரை ஒளியை வெளியே விடுகிறது. நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை என்பதால், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கூட்டிக் குறைத்தே பெரும்பாலான நிறங்களைக் காட்டிவிட முடிகிறது. மூன்றையும் முழுதாகக் கூட்டினால் வெள்ளை.

பெயிண்ட் இதற்கு நேரெதிர். அதன் மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் நம்மிடம் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பெயிண்டைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து விழுங்கும். கலக்கக் கலக்க இருட்டிக்கொண்டே போவது அதனால்தான். அச்சகத்தில் சயான் (பச்சைப் பக்கம் சாய்ந்த வெளிர் நீலம்) சிவப்பு ஒளியையும், மஜந்தா (ஊதாப் பக்கம் சாய்ந்த சிவப்பு) பச்சையையும், மஞ்சள் நீலத்தையும் விழுங்குகின்றன. ஆளுக்கு ஒன்று என்பதால் வேலை சுத்தமாக நடக்கிறது.

பள்ளியில் சொன்ன சிவப்பு-மஞ்சள்-நீலம் 18ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் பாடம். யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ ப்ளோன் என்ற அச்சுக் கலைஞர் 1720களில் இந்த மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு வண்ணப்படம் எடுத்தார். கையால் கலப்பவர்களுக்கு அது இன்றும் போதும், ஒரு இடத்தைத் தவிர. அந்த இடம் ஊதா.

சிவப்பும் நீலமும் கலந்தா ஊதா வரும்னு புத்தகத்துல இருக்கு. எனக்கு சேறுதான் வருது.

எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்று பாருங்கள். ஸ்கார்லெட் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்தது. பிரஷ்யன் ப்ளூ பச்சைப் பக்கம் சாய்ந்தது. இந்த இரண்டையும் கலக்கும்போது நீங்கள் அறியாமலே மஞ்சளும் கொஞ்சம் உள்ளே போகிறது. மஞ்சள் ஊதாவுக்கு எதிர் நிறம். ஊதா செத்துப்போகும்.

அதே தாளில் பக்கத்திலேயே கிரிம்சனும் அல்ட்ராமரினும் கலந்து பாருங்கள். கிரிம்சன் நீலம் பக்கம் சாய்ந்த சிவப்பு, அல்ட்ராமரின் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். இரண்டும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வதால் ஊதா பிழைத்துக்கொள்ளும். கிரிம்சனுக்குப் பதில் மஜந்தா கிடைத்தால் இன்னும் தெளிவாக வரும்.

குறிஞ்சிப் பூ வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு இது அவசியம். நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-ல் மலை முழுக்கப் பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. நேரில் பார்த்துப் பயிற்சி எடுக்க அதுவரை காத்திருக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலில் சாலையோரம் ஜக்கரண்டா பூக்கிறது. கீழே உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். குழலின் உட்புறம் வெளிறியிருக்கும், இதழ் மடிப்பில் நீலம் கூடும், வாடிய ஓரத்தில் பழுப்பு ஏறும். ஒரே பூவுக்கு ஒரு டியூப் ஊதா எப்படிப் போதும்?

ஹியூ, வேல்யூ, குரோமா. இந்த மூணையும் எப்படி ஞாபகம் வச்சுக்கறது?

அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905-ல் வகுத்த முறை இது. ஹியூ என்பது எந்த நிறம்: சிவப்பா, பச்சையா. வேல்யூ என்பது அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு. குரோமா என்பது எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, எவ்வளவு மங்கல்.

தேயிலைச் செடியில் கொழுந்தும் முற்றிய இலையும் இரண்டுமே பச்சை. ஆனால் கொழுந்து மஞ்சள் பக்கம் சாய்ந்த ஹியூ, உயர்ந்த வேல்யூ, நல்ல குரோமா. முற்றல் நீலம் பக்கம் சாய்ந்தது, இருண்டது, மங்கியது. மூன்றும் மாறிவிட்டன. ‘கரும்பச்சை’, ‘இளம்பச்சை’ என்று சொல்லி முடித்துக்கொள்ளாமல் மூன்று கேள்வியும் தனித்தனியாகக் கேட்டால் கலப்பது பாதி முடிந்த மாதிரி.

மூணுல எது முக்கியம்?

வேல்யூ. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேல்யூ சரியாக இருந்தால் நிறம் தப்பாகப் போனாலும் படம் நிற்கும். வேல்யூ தவறினால் எவ்வளவு விலை உயர்ந்த கலரும் காப்பாற்றாது.

ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையில் உருவான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நம் தாத்தா பாட்டிகளின் கல்யாணப் படங்கள் எத்தனையோ இருக்கும். அந்தப் படங்களில் நிறமே கிடையாது. ஆனாலும் பட்டுச் சேலையின் பளபளப்பு தெரிகிறது, பின்னால் இருக்கும் மலை தூரத்தில் நிற்கிறது, முகம் உருண்டையாக இருக்கிறது. அத்தனையும் வேல்யூ செய்த வேலை.

சோதிக்க வழி: உங்கள் படத்தைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சிவப்பு ரோஜாவைப் பச்சை இலைமேல் ‘பளிச்’ என்று வரைந்ததாக நினைத்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகக் குழம்பியிருக்கும். பூவை ஒரு படி வெளிறச் செய்யுங்கள், அல்லது இலையை இருட்டாக்குங்கள். போன் இல்லாதபோது கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நிறமும் தன் முழுப் பளிச்சையும் ஒவ்வொரு வேல்யூவில்தான் காட்டும். மஞ்சள் உயரத்தில், சிவப்பு நடுவில், ஊதா தாழ்வில். இருட்டான மஞ்சள் வேண்டும் என்று கறுப்பைக் கலந்தால் மஞ்சள் போய் ஆலிவ் பச்சை வருவது அதனால் ஏற்படும் ஏமாற்றம்தான். இந்த ஏமாற்றம் கீழே ஒரு இடத்தில் உதவிக்கு வருகிறது.

எஸ்டேட் வரைஞ்சா முழுக்க ஒரே பச்சை. பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. என்ன பண்றது?

மலைப் பிள்ளைகளின் தலையாய பிரச்சினை. டியூபிலிருந்து நேராக எடுக்கும் விரிடியன், சாப் கிரீன் இரண்டையும் ஒரு மாதத்துக்குப் பெட்டிக்குள் பூட்டிவையுங்கள். பச்சையைக் கலந்தே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தால்தான் கண் வேலை செய்யும்.

முதலில் வெளியே போய் ஒரு தேயிலைப் புதரை அருகில் நின்று பாருங்கள். முற்றிய இலைக்கு மெழுகு பூசினாற்போல ஒரு வழவழப்பு உண்டு. வெயில் நேரத்தில் அந்த வழவழப்பு வானத்தைத் திருப்பிக் காட்டும். இலையின் மேற்பரப்பில் நீங்கள் பார்ப்பது பச்சை இல்லை, வெளிறிய நீலச் சாம்பல். அதே இலையைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் ஒளி இலைக்குள் புகுந்து வருகிறது. அப்போது எரியும் மஞ்சள் பச்சை. புதருக்கு உள்ளே, கிளைகளுக்கு இடையில், கிட்டத்தட்டக் கறுப்பாகப் பழுப்பு. ஒரே புதரில் மூன்று குடும்பம். இதைப் பார்த்துவிட்டால் பிறகு ‘இலை பச்சை’ என்று கை தானாக ஓடாது.

கலக்க: கொழுந்துக்கு லெமன் யெல்லோவில் துளி பிரஷ்யன் ப்ளூ. ஒளி படும் முற்றலுக்கு அல்ட்ராமரினும் யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்). அது மங்கலாகத்தான் வரும், மங்கலாகத்தான் வேண்டும். நிழல் பச்சைக்குப் பிரஷ்யன் ப்ளூவில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). லெமன் யெல்லோவும் கறுப்பும் சேர்ந்தால் வரும் அந்த ஆலிவ், காய்ந்த புல்மேட்டுக்கு அச்சாகப் பொருந்தும். கவாத்து வெட்டிய பாத்தியில் பச்சையே இருக்காது. குச்சிகளின் சாம்பல் பழுப்பு மட்டும். படத்தில் அப்படி ஒரு பாத்தி இருந்தால் விடாதீர்கள், சுற்றியிருக்கும் பச்சைக்கு மூச்சு விட இடம் கொடுக்கும்.

மரங்களுக்கும் ஆளுக்கொரு பச்சை. சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளி. காற்றடித்தால் மரமே ஒரு படி வெளிறும். தைலமரம் நீலச் சாம்பல். சோலையில் துளிர்விடும் காலத்தில் மரத் தலைகளில் செம்பு நிறமும் இளஞ்சிவப்பும் திட்டுத்திட்டாகத் தெரியும். வெளியூர்க்காரர்கள் வரைந்த நீலகிரிப் படங்களில் இந்தச் சிவப்பு பெரும்பாலும் விடுபட்டிருக்கும். அவர்களும் பச்சை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வண்டி ஏறியிருப்பார்கள்.

தூரத்து மலை ஏன் நீலமா தெரியுது? எவ்வளவு நீலம் போடறது?

நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் வேகமாகக் கூடும். அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. ராலே என்ற ஆங்கில இயற்பியலாளர் கண்டுசொன்ன கணக்கு இது. குறுகிய அலையான நீலம் அதிகம் சிதறுவதால் நடுவில் இருக்கும் காற்றே ஒரு மெல்லிய நீலத் திரை ஆகிறது.

ஓவியருக்கு இதில் முக்கியமானது நீலம் இல்லை, திரை. திரை முதலில் மறைப்பது இருட்டை. பக்கத்து மரத்தின் நிழல் கறுப்பு என்றால், அடுத்த முகட்டின் நிழல் நடு நீலம், அதற்கடுத்தது வெளிர் நீலம். வெயில் படும் பகுதிகள் அவ்வளவு மாறுவதில்லை. அதனால் தூரம் போகப்போக ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். தொட்டபெட்டாவிலிருந்தோ கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலிருந்தோ அடுக்கடுக்கான முகடுகளைப் பார்த்து, நிறத்தை விட்டுவிட்டு வேல்யூவை மட்டும் ஐந்து பட்டைகளாகப் போட்டுப் பழகுங்கள்.

பனிமூட்டம் வேறு கதை. அதில் இருப்பது நீர்த்துளிகள்; ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிப்பதால் வெள்ளை. பனிமூட்ட நாளில் தூரத்துக்கு நீலம் போட்டால் பொய்யாகத் தெரியும். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலே போதும், நிறையத் தண்ணீர் விட்டு.

நிழலுக்குக் கறுப்பு போடக்கூடாதுங்கறாங்களே, ஏன்?

கறுப்பு பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லா நிழலுக்கும் அதையே போட்டால் படம் புகை பிடித்தாற்போல ஆகும். வெயில் நாளில் நிழலான இடத்துக்குச் சூரிய ஒளிதான் வருவதில்லை, நீல வானத்தின் ஒளி வருகிறது. பக்கத்துப் பொருள்களிலிருந்து எதிரொளியும் வருகிறது.

இதைக் கற்க ஹெத்தையம்மன் பண்டிகையைவிட நல்ல இடம் கிடையாது. படகர் கிராமத்தில் அன்றைக்கு ஆணும் பெண்ணும் வெள்ளை உடையில் திரள்வார்கள். டிசம்பர், ஜனவரி வெயில், நீல வானம், புல்தரை. ஒரு பாட்டி போர்த்தியிருக்கும் வெள்ளைத் துணியை மட்டும் கவனியுங்கள். வெயில் படும் தோளில் இளமஞ்சள். மேல்நோக்கிய மடிப்பின் நிழலில் வெளிர் நீலம். முழங்காலுக்குக் கீழே, தரையை நோக்கிய மடிப்பில், புல்லின் பச்சை மெலிதாக ஏறியிருக்கும். இதில் சுத்தமான வெள்ளை எங்கே இருக்கிறது என்று தேடினால் ஓரிரு இடம் கிடைத்தால் அதிகம். பண்டிகைக் கூட்டத்தில் யாரையும் படம் எடுப்பதற்கோ வரைவதற்கோ முன்பு கேட்டுவிடுங்கள்.

மேகமூட்ட நாளில் நீல நிழல் தேடாதீர்கள். அன்றைக்கு வானமே சாம்பல்.

பக்கத்துல வேற கலர் வச்சதும் முதல்ல வச்ச கலர் மாறின மாதிரி தெரியுதே. கண்ணுல கோளாறா?

கோளாறு இல்லை. பாரிஸில் கோபலென் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரோலிடம் ஒரு புகார் வந்தது: நீலம், ஊதாத் துணிகளில் கறுப்பு நூல் வலுவில்லாமல் தெரிகிறது என்று. சாயத்தைச் சோதித்தார், குறை சாயத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. இதை 1839-ல் பெரிய நூலாகவே எழுதினார். ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தைப் பக்கத்தில் இருப்பதன்மேல் லேசாகப் பூசுகிறது என்பது அதன் சாரம். சிவப்பின் நடுவே வைத்த சாம்பல் பச்சையாகும், பச்சையின் நடுவே வைத்த அதே சாம்பல் சிவக்கும். நம் மலை ரயில் பெட்டியின் கிரீம் நிறம், பக்கத்தில் நீலம் இருப்பதால்தான் அவ்வளவு வெண்ணெய்யாகத் தெரிகிறது.

ஆகவே தட்டில் கலந்த நிறத்தைத் தட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். தாளில், அது உட்காரவேண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள்.

எதிர் நிறம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஒரு சிவப்புக் காகிதத்தை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலம் கலந்த பச்சை மிதக்கும். கலக்கும்போது ஒன்றையொன்று சாம்பலாக்குபவை எதிர் நிறங்கள். பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூண்டுபவையும் அவையே. பச்சை அதிகம் கத்தினால் துளி கிரிம்சன், அடங்கிவிடும்.

வார்ம் கலர், கூல் கலர்ங்கறாங்களே, அது என்ன?

ஒப்பீடு மட்டும்தான். தனியாக எந்த நிறத்துக்கும் சூடும் இல்லை குளிர்ச்சியும் இல்லை. கிரிம்சன் ஸ்கார்லெட் பக்கத்தில் குளிர்ச்சி, ஊதா பக்கத்தில் சூடு.

வானவில்லுல மஜந்தா எங்க இருக்கு?

இல்லை. நியூட்டன் 1704-ல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிறமாலையை வளைத்து வட்டமாக்கினார். சிவப்பும் ஊதாவும் சந்திக்கும் இடத்தில்தான் மஜந்தா வகை நிறங்கள் பிறக்கின்றன. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் ஒன்றாகக் கண்ணுக்குள் போகும்போது மூளை காட்டும் நிறம் அது. நிறமாலை என்றால் என்ன என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், சூரியனின் நிறமாலையை நூறாண்டுக்கும் மேலாகப் பதிவுசெய்துவரும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே வேலை பார்த்த எவர்ஷெட், நிறமாலைக் கோடுகள் லேசாக நகர்வதை வைத்தே சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை 1909-ல் கண்டுபிடித்தார்.

சாயங்காலம் வரைஞ்ச படம், வீட்டுக்கு வந்து பார்த்தா சிவப்பு மட்டும் கண்றாவியா இருக்கு.

இருட்டத் தொடங்கும்போது கண்ணில் கூம்பு செல்கள் ஓய்ந்து கோல் செல்கள் வேலைக்கு வருகின்றன. அவற்றுக்கு ஆழ்ந்த சிவப்பு தெரியாது. நீலப் பச்சை நன்றாகத் தெரியும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 1825-ல் எழுதிவைத்த விஷயம். பகலில் இலையைவிடப் பளிச்சென்று இருந்த வாசல் ஜெரேனியப் பூ, விளக்கேற்றும் நேரத்தில் இலையைவிடக் கறுத்துவிடும். அந்த இருட்டில் உங்கள் தட்டில் உள்ள சிவப்பும் அப்படித்தான் தெரிந்திருக்கும். போதவில்லை என்று அள்ளிப் போட்டிருப்பீர்கள். மலையில் வெளிச்சம் சட்டென்று இறங்கும். ஐந்தரைக்கு மேல் கலரை மூடிவிட்டு, பார்த்ததைப் பென்சிலால் குறிப்பெடுங்கள்.

எத்தனை கலர் வாங்கணும்?

ஏழு: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், ஸ்கார்லெட், கிரிம்சன், அல்ட்ராமரின், பிரஷ்யன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா. போஸ்டர் கலர் என்றால் ஒரு பெரிய வெள்ளை. கறுப்பு இஷ்டம்.

குறைவு என்று முகம் சுளிப்பவர்கள் தோடர் பூத்தையலைப் பாருங்கள். வெளிர்த் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலையின் வலிமையே அது வேல்யூவை வெளிர், நடு, இருள் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டதுதான். குறும்பர் ஓவியமும் மண்ணின் சிவப்பு, வெள்ளை, மரப்பட்டைக் கறுப்பு, இலைப் பச்சை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்களில் நிற்கிறது.

டியூப் மேல ‘கோபால்ட் ப்ளூ ஹியூ’ன்னு இருக்கே?

உண்மையான கோபால்ட் இல்லை, அந்தச் சாயலில் மலிவான நிறமி என்று பொருள். பின்பக்கம் நிறமிக் குறியீடு பாருங்கள். பி.பி. என்பது நீல நிறமி, பி.ஆர். என்பது சிவப்பு நிறமி. பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின், பி.பி. 27 பிரஷ்யன், பி.பி. 15 தாலோ ப்ளூ. ஒரே குறியீடு உள்ள டியூப் கலக்கச் சுத்தமாக இருக்கும். மூன்று நான்கு குறியீடு இருந்தால் ஏற்கெனவே கலந்தது, மேலும் கலந்தால் சீக்கிரம் மங்கும். பி.ஆர். 83 என்ற அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுக்கும். சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

எனக்கு சிவப்பும் பச்சையும் குழம்பும். ஓவியம் படிக்கலாமா?

தாராளமாக. ஆண்களில் இது அரிதல்ல. டியூப்களைப் பெயர் படித்து எப்போதும் ஒரே வரிசையில் வையுங்கள். வேல்யூவைப் படிக்கும் திறன் இப்படிப்பட்டவர்களுக்குக் குறைவதில்லை. மேலே சொன்னபடி படத்தைத் தாங்குவது அதுதான். கல்லூரி விண்ணப்பத்தில் ஏதேனும் நிபந்தனை உண்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காயறதுக்குள்ள ஒரு கலர், காய்ஞ்சப்புறம் ஒரு கலர். எதை நம்பறது?

காய்ந்ததை. வாட்டர் கலர் காய்ந்தால் வெளிறும், அக்ரிலிக் கருக்கும். போஸ்டர் கலரில் இருண்டவை கொஞ்சம் வெளிறும், வெளிர்ந்தவை கொஞ்சம் கருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அவசரப்பட்டு அடுத்த பூச்சை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் பூத்துவிடும். அதற்காகவே, படத்தோடு அதே தாளில் வெட்டிய ஒரு துண்டை வைத்திருங்கள். ஒவ்வொரு கலவையையும் முதலில் அதில் தடவி, கலந்த டியூப்களின் பெயரை எழுதி, அது காய்ந்த பிறகு படத்தில் வையுங்கள். துண்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி போட்டு ஒரு கவரில் சேர்த்துவையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் அதே பச்சை தேவைப்படும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.